விரல் நீட்டுவதற்குள் பறந்தவை

பறவை காட்டுவது என்பது, ஓரிடத்தில் நிற்கவே நிற்காத ஒன்றை, நின்று பார்க்க நேரமில்லாத ஒருவருக்கு, விரல் நீட்டிக் காட்டுகிற தொழில். நான் விரலை நீட்டி, அவர் கழுத்தைத் திருப்பி, கண்ணைச் சுருக்கி, எங்கே என்று கேட்பதற்குள் அது போயிருக்கும். அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் வெறும் கிளையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்போம். அந்தக் கொஞ்ச நேரத்தில் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. கவுண்டரில் உட்கார்ந்து சர்வர் வேலை செய்யவில்லை என்று சொல்லிப் பழகியவர்கள், பஸ் இப்போது வந்துவிடும் என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிற டைம் கீப்பர்கள், தானே படிக்காத பாடத்தில் சந்தேகம் கேட்கப்பட்ட வாத்தியார்கள், இவர்களுக்கெல்லாம் என் நிலைமை சொல்லாமலே புரியும். உங்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

திருநெல்வேலியிலிருந்து களக்காட்டுக்குப் போகிற பக்கம் ஒரு குளம். மழைக்காலத்தில் கால்வாய் வழியாக ஆற்றுத் தண்ணீர் வந்து நிரம்பினால் மறு கரை தெரியாது. நடுவில் கருவேல மரங்கள் தண்ணீருக்குள்ளேயே நிற்கும். கரையை ஒட்டிப் பூங்கா, நடைபாதை, ஒரு காட்சிக் கோபுரம், மூன்று பைனாகுலர், காலில் நிற்கிற பெரிய தொலைநோக்கி ஒன்று. கார்த்திகையிலிருந்து சித்திரை வரை வருகிறவர்களுக்குப் பறவைகளைப் பற்றிச் சொல்ல வனத்துறையில் ஒரு தற்காலிக வேலை உண்டு. 'இயற்கை விளக்குநர்' என்று பெயர். அது நான்தான். எம்.எஸ்ஸி. விலங்கியல் படித்திருக்கிறேன். சிறப்புப் பாடம் மண்புழு. நேர்முகத்தில் பறவைகளைத் தெரியுமா என்று கேட்டார்கள். மண்புழுவைத் தின்பவை என்ற அளவுக்குத் தெரியும். தெரியும் என்பதை மட்டும் சொன்னேன்.

கங்கைகொண்டானில் கம்பெனி வேலைக்குப் போகிற என் வீட்டுக்காரர், நான் தினமும் பூங்காவுக்குக் காற்று வாங்கப் போவதாகத்தான் இன்றுவரை நினைக்கிறார். ஊர்க்காரர்கள் எனக்கு 'கொக்கு டீச்சர்' என்று பெயர் வைத்தார்கள். கூட வேலை பார்ப்பவர் இசக்கிமுத்து. காவலர். என் வயதுதான் இருக்கும். குளத்தங்கரை ஊரிலேயே பிறந்தவர் என்பதால் அவருக்குத் தெரியாத பறவை கிடையாது, ஆனால் கேட்டால்தான் சொல்வார். அதிலும் பாதிதான் சொல்வார். மீதிப் பாதியில்தான் நான் ஒவ்வொரு தடவையும் விழுந்தேன்.

எல்லாம் ஒரே அளவு

வேலைக்குச் சேருமுன் பத்து நாள் ஒரு பறவைப் புத்தகத்தை உருப்போட்டேன். பக்கத்துக்கு ஒரு பறவை, ஒவ்வொன்றும் பக்கம் நிறைய. பூநாரை ஒரு பக்கம், வாலாட்டி ஒரு பக்கம். மூக்கின் வளைவு, கால் நிறம், கண்ணைச் சுற்றிய வளையம் எல்லாவற்றையும் கரைத்துக் குடித்தாயிற்று. எல்லாப் பறவையும் ஒரே உயரம் என்று மனசு தானாக முடிவு செய்துகொண்டது மட்டும் எனக்குத் தெரியவில்லை.

முதல் நாள் வந்தவர் டவுனிலிருந்து ஓய்வுபெற்ற சர்வேயர். நெற்றி நிறையத் திருநீறு, கையில் குடை, பக்கத்தில் மனைவி. வடக்கே சைபீரியா வரைக்கும் போய் வருகிற பொடி உள்ளான் இங்கே வருமாமே, அதைக் காட்ட முடியுமா என்று மரியாதையாகக் கேட்டார். படம் கண்முன்னால் நின்றது. பைனாகுலரை எடுத்துக்கொண்டு, நாரை உயரத்தில் ஒரு பொடி உள்ளானைக் குளம் முழுக்கத் தேடினேன். காலுக்கு முன்னால் சேற்றில், சிட்டுக்குருவி அளவில் பத்துப் பதினைந்து குறுக்கும் மறுக்கும் ஓடிக்கொண்டிருந்தன. அவை என்ன என்று அவர் மனைவி கேட்டார். அதன் குஞ்சுகள்தான், தாய் இரை தேடப் போயிருக்கும், இப்போது வந்துவிடும் என்றேன். மூன்று பேரும் தாய்க்காகக் காத்திருந்தோம். இடையில் இசக்கிமுத்து வந்தார், சேற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அவசர வேலை இருப்பவர்போலக் கால்வாய்ப் பக்கம் போய்விட்டார்.

கால் மணி நேரம் கழித்து சர்வேயர் தன் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். நான் படித்த அதே புத்தகம். பொடி உள்ளான் பக்கத்தைத் திறந்து என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "படத்துக்குக் கீழ சென்டிமீட்டர் போட்டிருக்கும்மா. முப்பது வருஷம் நிலம் அளந்தவன் நான், அதான் மொதல்ல அதப் பாத்தேன். அம்மாக்காரி வருவான்னு நீ சொன்னதும், சரி, வரட்டும்னு இருந்துட்டேன்."

இமயமலைக்கு அந்தப் பக்கம்

எங்கள் குளத்துக்கு வருகிற விருந்தாளிகளில் பெரிய ஆள் வரித்தலை வாத்து. வெள்ளைத் தலையில் கறுப்பாக இரண்டு பட்டை. மங்கோலியா, திபெத் பக்கத்திலிருந்து இமயமலையைத் தாண்டி வந்து, பங்குனியில் திரும்பிப் போகும். இதைச் சொல்வதற்கென்றே ஒரு வரைபடமும், பாஸ்போர்ட் இல்லை, விசா இல்லை என்று ஒரு நகைச்சுவையும் வைத்திருந்தேன். எங்கே நிறுத்தினால் சிரிப்பார்கள் என்பது வரைக்கும் கணக்கு.

தை மாதம் ஒரு மத்தியானம், நூறு நாள் வேலையில் கால்வாய் தூர் எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் சாப்பாட்டுத் தூக்கோடு பூங்காப் புங்கை மர நிழலுக்கு வந்தார்கள். சும்மா சாப்பிட விட்டிருக்கலாம். நான் வரைபடத்தை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். மலையின் உயரத்தைச் சொன்னேன், அங்கே மூச்சு விடக் காற்று போதாது என்பதைச் சொன்னேன். அவர்களில் பேச்சியம்மாள் என்று ஒருவர், சோற்றில் வைத்த கையை எடுக்காமலே, போன வருஷம் வந்ததுதான் இந்த வருஷமும் வருமா, வழி எப்படித் தெரியும், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டா வரும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஆமாம், குடும்பத்தோடுதான் வரும் என்றேன். இந்த இடத்தில் பாஸ்போர்ட், விசாவைப் போட்டேன். யாரும் சிரிக்கவில்லை.

பேச்சியம்மாள் சோற்றிலிருந்து கையை எடுத்தார். பக்கத்தில் இருந்தவர்கள் அவரைப் பார்த்துவிட்டுத் தூக்கு வாளியைப் பார்த்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் அந்த நகைச்சுவையை நான் எங்கேயும் சொன்னதில்லை. அவர் என்னிடம் குறையாகச் சொல்லவில்லை, சும்மா சொன்னதுதான்: "எம் மவன் மஸ்கட்ல இருக்கான். போயி மூணு வருஷம் ஆவுது, இன்னும் ஒரு நட வரல. இடையில இமயமல கூட இல்லியே, தாயி."

கைதட்டத் தடை

மதுரையிலிருந்து ஒரு புகைப்படக்காரர் வந்தார். அவர் லென்சு எங்கள் வீட்டுக் குக்கரை விடப் பெரியது. நீலச்சிறகி வாத்துகள் பெருங்கூட்டமாகக் கரையோரம் தூங்கிக்கொண்டிருந்தன. வடக்கே கிளம்புவதற்கு முன்னால் தின்பதும் தூங்குவதும்தான் அவற்றுக்கு வேலை. ஒரு தடவை கைதட்டிப் பறக்க வைக்கலாமா, பறக்கிறபோதுதான் சிறகில் உள்ள நீலம் தெரியும் என்று அவர் பைய என் காதோரம் கேட்டார்.

நான் இப்படி ஒரு நாளுக்காகக் காத்திருந்தவள். நீண்ட பயணத்துக்கு முன் ஒரு பறவையை அநாவசியமாகப் பறக்கவிட்டால் அதன் சக்தி எவ்வளவு வீணாகும் தெரியுமா என்று ஆரம்பித்தேன். அவர் உடனே தப்புத்தான் மேடம் என்று ஒப்புக்கொண்டார். அதோடு விட்டிருக்கலாம். பேசப் பேச எனக்குக் குரல் ஏறியது. பூங்காவில் அமைதி காப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்ற இடத்தில் உச்சத்துக்குப் போய்விட்டது. குளத்தில் இருந்த அத்தனை வாத்தும் ஒரே சமயத்தில் எழும்பின. தலைக்கு மேலே நீல நீலமாக இரண்டு சுற்று சுற்றிவிட்டு மறு கரைக்குப் போய்விட்டன. வாயை மூடிக்கொண்டு பார்த்தபோது, அவர் கேமராவை இறக்கி, கைகூப்பாத குறையாக நின்றிருந்தார்: "ரொம்ப நன்றி மேடம். நான் கைதட்டியிருந்தா பாதிதான் எந்திரிச்சிருக்கும்."

கல்யாணப் படம்

கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையும் பொண்ணும் சேர்ந்து படம் எடுக்கிற வழக்கம் இப்போது எங்கள் குளத்துக்கும் வந்துவிட்டது. திசையன்விளையிலிருந்து ஒரு ஜோடி வந்தது. பொண்ணு சிவப்புப் பட்டு, மாப்பிள்ளை கோட்டும் சூட்டும், மாசி வெயில். பின்னால் ஒரு கூழைக்கடா மிதந்துகொண்டிருந்தது. அது சரியாக மாப்பிள்ளை தலைக்குப் பின்னால் வந்து நிற்க, படத்தில் அவர் தலையிலிருந்து பெரிய மூக்கு ஒன்று முளைத்ததுபோல விழுந்தது. படம் எடுக்கிறவர் நாலு தடவை இடத்தை மாற்றினார், கூழைக்கடாவும் நாலு தடவை மாறியது. கடைசியில் அதைக் கொஞ்சம் இடது பக்கம் தள்ளச் சொல்ல முடியுமா என்று என்னிடம் வந்தார். அதெல்லாம் நம் கையில் இல்லை என்று விளக்கிக்கொண்டிருந்தேன். வியர்வையில் மை கரைந்து நின்ற பொண்ணு உண்மையாகவே வருத்தப்பட்டுக் கேட்டாள்: "ஊருக்குள்ள ஒங்கள கொக்கு டீச்சர்னுல்லா சொன்னாவ. டீச்சர் சொன்னாக் கூட கேக்காதாக்கா?"

வடக்கேயிருந்து வந்தவர்

என் வேலையை அடுத்த பருவத்துக்கு நீட்டிப்பதற்கான கோப்பு ஒரு பெரிய அதிகாரியின் மேசையில் இருந்தது. பங்குனி முதல் வாரத்தில் அந்த அதிகாரியே குடும்பத்தோடு குளத்தைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. எங்கள் வனவர் என்னைக் கூப்பிட்டு, எதைக் காட்டினாலும் காட்டாவிட்டாலும் வரித்தலை வாத்தைக் காட்டிவிட வேண்டும் என்றார். முந்தின நாள் சாயங்காலம் வரை அவை இருந்தன. நானே பார்த்தேன். காட்டிவிடலாம் சார் என்று அடித்துச் சொன்னேன். மறுநாள் காலையில் நான் வந்து இறங்கியதும் வாசலிலேயே இசக்கிமுத்து "போயிட்டு" என்றார். வாத்துகள் போய்விட்டன என்பதற்கு அவ்வளவுதான் சொன்னார்.

எனக்கு நம்ப மனசில்லை. கோபுரத்தில் ஏறித் தொலைநோக்கியைத் திருப்பிக்கொண்டே வந்தேன். தென்மேற்கு மூலையில், கானல் அலைகிற இடத்தில், பழுப்பும் வெள்ளையுமாக ஒரு பெரிய வாத்துக் கூட்டம். போன உயிர் வந்தது. அதிகாரி வந்ததும் முதலில் அதைத்தான் காட்டினேன். இமயமலை, மெல்லிய காற்று, இரவும் பகலும் பறப்பது எல்லாவற்றையும் உருக்கமாகச் சொன்னேன். அவர் மனைவி கேட்டுக் கண் கலங்கிவிட்டார். வனவர் முகத்தில் நிம்மதி. அதிகாரி தொலைநோக்கியில் கண்ணை வைத்தவர் வைத்தபடி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது மறு கரையில் ஒருவர் வந்தார். கைலி, தலையில் துண்டு, கையில் நீளக் கம்பு. வாய்க்குள் ஏதோ சத்தம் கொடுத்தார். இமயமலையைத் தாண்டி வந்த அத்தனையும் வரிசையாகக் கரையேறி அவர் பின்னால் நடக்க ஆரம்பித்தன. பிசானப் பருவத்து நெல் அறுப்பு முடிந்ததும் வயலில் சிந்திய நெல்லைத் தின்ன மேய்ச்சல் வாத்துக்காரர்கள் வருவார்கள். வருஷா வருஷம் வருவார்கள். நான் மறந்துவிட்டேன். வனவர் ஆகாயத்தைப் பார்த்தார். இசக்கிமுத்து படியிறங்கிப் போய்விட்டார். அதிகாரி நல்ல மனுஷர், அடுத்த வாரமே கோப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆனால் அன்றைக்குத் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே அவர் கேட்டதை அலுவலகத்தில் இன்றுவரை யாரும் மறக்கவில்லை: "அவரும் மங்கோலியாவுல இருந்து கூடவே வர்றாரா?"

பஸ்ஸில் ஒரு பயணி

அந்தப் பங்குனியில் ஒரு நாள் பெருங்காற்று. கருவேல மரத்தில் மஞ்சள்மூக்கு நாரையின் கூடு ஒன்று கவிழ்ந்து, பாதி வளர்ந்த குஞ்சு தண்ணீரில் விழுந்துவிட்டது. இசக்கிமுத்து நீந்திப் போய்க் கொண்டுவந்தார். ஒரு சிறகு தொங்கியது. துறை ஜீப் மலையில் தீ அணைக்கப் போயிருந்தது. வனவரைப் போனில் பிடித்தேன், அடுத்த ஊர்க் கால்நடை ஆஸ்பத்திரிக்கு எப்படியாவது கொண்டுபோய்விடு என்றார். இசக்கிமுத்து வாசலை விட்டு வர முடியாது. அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வந்த அட்டைப்பெட்டி ஒன்று கிடந்தது. அதில் குஞ்சை வைத்து, துப்பட்டாவால் மூடி, பஸ் ஏறினேன்.

பயந்துபோன நாரைக் குஞ்சு தின்றதைக் கக்கிவிடும். இது எனக்குத் தெரியும். முந்தின நாள்தான் ஒரு கல்லூரிக் கூட்டத்துக்கு இதை விளக்கமாகச் சொல்லியிருந்தேன். பஸ் வேகத்தடையில் ஏறி இறங்கியதும் குஞ்சு துப்பட்டாவை விலக்கித் தலையை வெளியே நீட்டியது. பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பாதி செரித்த மீன் ஒன்று என் மடியில், ஒன்று பக்கத்து அம்மாவின் கூடையில், இன்னொன்று கண்டக்டர் செருப்புக்குப் பக்கத்தில். அந்த வாடையை எழுத எனக்குத் தமிழ் போதாது. ஜன்னல்கள் எல்லாம் திறந்தன. பக்கத்து அம்மா எழுந்து முன்னால் போய் நின்றுகொண்டார். எனக்கு வெட்கப்படக்கூட நேரமில்லை. குஞ்சின் கண்மேல் வெள்ளையாக ஒரு திரை அடிக்கடி விழுந்தது. பறவைக்கு மூன்றாவதாக ஓர் இமை உண்டு என்று தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். ஆனாலும் ஒவ்வொரு தடவை அந்தத் திரை விழும்போதும் செத்துவிட்டது என்றே நினைத்து, பெட்டிக்குள் கையை விட்டு நெஞ்சைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். அழுதுகொண்டிருந்தேன் என்பதே இறங்கும்போதுதான் தெரிந்தது.

எலும்பு முறியவில்லை, மூட்டு விலகியிருக்கிறது என்று டாக்டர் கட்டுப் போட்டார். ஒரு மாதத்துக்கு மேல் குஞ்சு அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் இருந்து தினமும் மீன் தின்றது. சித்திரை நடுவில் ஒரு நாள் கொட்டகைக் கூரையில் ஏறி நின்றது. மறுநாள் அங்கே இல்லை. கூட்டத்தோடு கூட்டமாக நிற்கிறது என்று இசக்கிமுத்து காட்டினார். எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் தெரிந்தன. கண்டக்டரைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். நிறுத்தமே இல்லாத இடத்தில், ஆஸ்பத்திரி வாசலிலேயே விசிலடித்து பஸ்ஸை நிறுத்திக் கொடுத்தவர் அவர். பெட்டியை இறக்க ஒரு கை பிடித்துவிட்டுச் சொன்னார்: "அதுக்கு டிக்கெட் வேண்டாம்க்கா. கக்குனத மட்டும் மறக்காம எடுத்துட்டுப் போயிருங்க."

மடைக்கு எண்ணெய்

குளத்தில் மீன் பிடிக்கிற குத்தகை அண்ணாச்சி ஒருவருக்கு இருந்தது. கடைத்தெருவில் உரக்கடை வைத்திருப்பவர். அறுப்பு முடிந்தபிறகு வயலுக்குத் தண்ணீர் தேவைப்படாது. மடையைத் திறந்து குளத்தை வற்ற வைத்தால் மீனை அள்ளிவிடலாம். ஆனால் குளம் வற்றினால் கருவேல மரம் வரைக்கும் நாய் நடந்து போகும். கூட்டில் இருக்கிற குஞ்சுகள் சித்திரை பாதிவரை பறக்காது. ஒரு நாள் காலையில் மடைத் திருகுக்கு இரண்டு பேர் எண்ணெய் போட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். உடனே போனை எடுத்தேன். வனவர் மேலே கடிதம் அனுப்புவதாகச் சொன்னார். கடிதம் போய்ச் சேருவதற்குள் குளம் காய்ந்துவிடும் என்று நானே அண்ணாச்சியைப் பார்க்கப் புறப்பட்டேன். போக வேண்டாம் என்றுதான் இசக்கிமுத்து சொன்னார். ஏன் என்று கேட்டிருக்கலாம்.

இரண்டு நாள் பேச்சைத் தயார் செய்து வீட்டுக்காரரிடம் பேசிக் காட்டினேன். அவர் தூங்கிவிட்டார். உரக்கடையில் அண்ணாச்சி என்னை உட்காரச் சொல்லி, கலர் வாங்கிவரச் சொன்னார். நான் குடிக்காமல் பேசினேன். குஞ்சுகள் படப்போகிற பாட்டைச் சொன்னேன். கடைசியாக என் பெரிய ஆயுதத்தை எடுத்தேன்: மரத்தில் குஞ்சு இருக்கிறவரைக்கும் எச்சம் தண்ணீரில் விழும், அதில் மீன் தடிக்கும், குஞ்சு பறக்கும்வரை பொறுத்தால் உங்களுக்கே லாபம். இது இசக்கிமுத்து எப்போதோ பாதியாகச் சொன்னது. மீதியை நானே நிரப்பி மெருகேற்றியிருந்தேன். அண்ணாச்சி கண் இமைக்காமல் கேட்டார். சித்திரை பாதிக்கு முன்னால் மடையைத் திறக்க மாட்டேன் என்றார். நான் எழுந்து கும்பிட்டேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கால் தரையில் பாவாமல்தான் நடந்திருப்பேன், அவர் கலர் பாட்டிலை என் பக்கம் நகர்த்திக்கொண்டே இதைச் சொல்லாமல் இருந்திருந்தால்: "எங்கப்பா காலத்துல இருந்தே சித்திரை பாதிக்கு முந்தி நாங்க தெறக்கதில்ல. திருகு துருப்பிடிச்சிருந்து, எண்ணெய் போடச் சொன்னேன். எச்சத்துல மீன் தடிக்கும்னு இசக்கிகிட்ட நாந்தாம்மா சொன்னேன், ஆனா நீங்க சொல்லும்போது எனக்கே புதுசாத்தான் இருந்து."

பார்க்காமல் பார்த்தது

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு பாட்டு வாத்தியார் மனைவியோடு வந்தார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். இவருக்குக் குளத்தைக் காட்டுங்கள் என்று அந்த அம்மா என்னிடம் விட்டுவிட்டு, தானும் பக்கத்தில் நின்றுகொண்டார். விரலை வைத்துப் பிழைப்பவளுக்கு இதைவிடச் சோதனை வேண்டாம். பழக்கத்தில், நாரை அங்கே நிற்கிறது, இங்கே நிற்கிறது என்று விரலை நீட்டிவிட்டேன். பிறகு நிறத்தைச் சொல்லலாம் என்று மஞ்சள்மூக்கு நாரையின் வாலில் இருக்கிற ரோஜா நிறத்தைப் பற்றி ஆரம்பித்தேன். அவருக்கு அதனால் என்ன ஆகப்போகிறது என்று எனக்கே பட்டு, பாதியில் நின்றுவிட்டேன். அவர் தலையைச் சாய்த்து, நாணலுக்குள் கரகரவென்று சீப்பைத் தேய்ப்பதுபோல ஒரு சத்தம் வருகிறதே, அது யார் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அப்படி ஒரு சத்தம் வருகிறது என்பதே அவர் சொல்லித்தான் தெரிந்தது. அத்தனை மாதம் அங்கே நின்று நான் பார்த்திருக்கிறேனே தவிர ஒன்றையும் கேட்டதில்லை.

இசக்கிமுத்துவைக் கூட்டிவந்தேன். இப்போதும் பாதிதான் சொல்வார் என்று நினைத்தேன். அன்றைக்கு அவர் அரை மணி நேரம் பேசினார். அது நீலச்சிறகியின் ஆண், ஊருக்குக் கிளம்பப் போகிறது, அதான் பேச்சு அதிகம் என்றார். வளர்ந்த நாரைக்குக் குரலே கிடையாது, மூக்கைத்தான் தட்டும், அதன் குஞ்சு தவளைபோலக் கத்தும் என்றார். சூறைக்குருவிகள் அடைய வருகிற நேரம் அது. ஆயிரக்கணக்கில் நாணலில் இறங்கியபோது, எண்ணெயில் கடுகு போட்டமாதிரி இருக்கிறதா என்று கேட்டார். வாத்தியார் சிரித்துக்கொண்டே ஆமாம் என்றார். நானும் கண்ணை மூடிப் பார்த்தேன். கூட்டம் தலைக்கு மேலே திரும்பும்போது ஈரப் புடவையை உதறுவதுபோல ஒரு சத்தம் வந்து போனது. இத்தனை நாள் இது எங்கே இருந்தது என்று தோன்றியது. கண்ணைத் திறக்கவே மனசில்லாமல் நின்றேன். பருவம் முழுக்க நான் எதிர்பார்த்து ஏமாந்த பூநாரைக் கூட்டம் அந்த நேரம் பார்த்துத்தான் குளத்தை நேர்குறுக்காகக் கடந்து போயிருக்கிறது. அந்த அம்மா பிறகு சொன்னார், ரொம்ப அழகாக இருந்ததாம்.

கிளம்பும்போது வாத்தியார் இசக்கிமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். நான் ஒன்றுமே காட்டவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று முந்திக்கொண்டேன். அப்படியெல்லாம் இல்லை என்று சிரித்தார்: "நாரை அங்கன நிக்கி, இங்கன நிக்கின்னு நீங்க சொல்லும்போதெல்லாம் வளையல் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்து. அதையும் ஒரு பறவைன்னுதாம்மா கொஞ்ச நேரம் கணக்குல வச்சிருந்தேன்."

ஆறு மாதம் ஆகாயத்தைக் காட்டிச் சம்பளம் வாங்குகிறேன், மீதி ஆறு மாதம் அதே ஆகாயத்தைப் பார்த்தபடி, நான் சொன்னதில் எதெது தப்பு என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறேன்.